உப்பு வாளி

ஆடி 20, திங்கள்

டாக்டரம்மா தினமும் எழுதச் சொன்னார். எழுதுறேன். நாலாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டினவள்கிட்ட நோட்டு எழுதச் சொன்னா எழுத்து எப்படி இருக்கும்? கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும். வாசிக்கிறது அவங்க பாடு.

டைரி உரக்கடையில் போன வருசம் கொடுத்தது. அச்சடிச்ச தேதியை அடிச்சுட்டு என் தேதியைப் போடுறேன்.

பேரு ஆவுடை. ஊரு சுரண்டை. வயசு ஐம்பத்து மூணு. தொழில் கல்யாணச் சமையல். என் செட்டில் என்னோட சேர்த்து அஞ்சு பொம்பளைகள். கோமு பத்தொன்பது வருசமா என் கூட நிற்கிறவள். மத்த மூணு பேரும் சின்னப் பிள்ளைகள், என்னைக் கண்டால் பயம், முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. பாத்திரம் ஏத்துறது என் வீட்டுக்காரர் பால்வண்ணம், லோடு ஆட்டோவில்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை காலையில் தோசையைத் திருப்பும்போது கரண்டி கையிலிருந்து விழுந்துட்டு. குனிஞ்சு எடுக்கப் போனால் கை சொன்ன பேச்சு கேட்கலை. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. பத்து நிமிசத்தில் எல்லாம் சரியாப் போச்சு. கல்யாணமாகி நான் பத்து நிமிசம் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவைன்னு வீட்டுக்காரர் எல்லார்கிட்டயும் சொல்கிறார். சொல்லும்போதே அழுகிறார்.

தென்காசிக்குக் கூட்டிட்டுப் போய்த் தலையைப் படம் எடுத்தாங்க. டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் வச்சுக் காட்டினார். கறுப்புச் சட்டியில் உப்புக்கல்லு சிந்தினாப்ல அங்கங்கே வெள்ளை வெள்ளையாப் புள்ளி. அழகாத்தான் இருந்தது. அதெல்லாம் ரத்தம் சரியாப் போகாமல் கெட்டுப்போன இடமாம்.

அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன். நாம சாப்பிடுற உப்பு ரத்தத்தில் தண்ணியைப் பிடிச்சு வைக்குமாம். அழுத்தம் ஏறுமாம். வருசக்கணக்கா அப்படியே இருந்தால் மூளைக்குள்ளே மயிரிழை மாதிரி ஓடுற குழாயெல்லாம் தடிச்சு இறுகிப் போகுமாம். இறுகின குழாய் தேவைப்படுற நேரத்துக்கு விரிஞ்சு ரத்தம் விடாது. கடைமடை வயலுக்குத் தண்ணி போகாத மாதிரின்னு நான் சொன்னேன். அதேதான்னு சொன்னாங்க. அந்த வயலில் என்ன பயிர் இருந்ததோ அது காயும்.

ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கரண்டி உப்புதான், அதுவும் எல்லாம் சேர்த்து. அறுநூறு பேருக்கு உப்புப் போடுற கை இது. அந்த ஒரு கரண்டி கையைத் துடைக்கிறதிலேயே போயிரும்.

ஆடி 22, புதன்

நர்சு பிள்ளை அழுத்தம் பார்த்தது. நூற்றி எழுபது. என் ரத்தமும் என்னை மாதிரியே எகிறிக் குதிக்குது, அதுக்கும் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டி வைன்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தது.

சாப்பாடு: உப்பில்லாத கஞ்சி. தொட்டுக்க ஒரு துண்டு நார்த்தங்காய். நார்த்தங்காய் கணக்கில் வராது. அது போன வருசம் போட்டது, அந்த உப்பு இந்நேரம் செத்திருக்கும்.

ஆடி 25, சனி

உப்பைச் சட்டியில் வறுத்தால் அதன் வேகம் போயிரும்னு பக்கத்து வீட்டில் சொன்னாங்க. வறுத்தேன். படபடன்னு வெடிச்சு ஒண்ணு கன்னத்தில் அடிச்சது. வேகம் போனது அப்படித்தான் போல.

வறுத்த உப்புப் போட்ட சாம்பார், நார்த்தங்காய் ஒரு துண்டு.

ஆடி 29, புதன்

அழுத்தம் நூற்றி அறுபத்தெட்டு. நர்சு பிள்ளைகிட்ட இன்னைக்கு ஒரு புதுக் கதை விட்டேன். என் ரத்தமும் என்னை மாதிரியே எகிறிக் குதிக்குது, ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டி வைன்னு. அந்தப் பிள்ளை சிரிக்கலை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தது. பாவம், அதுக்கு வீட்டில் என்ன கவலையோ.

ஆவணி 1, சனி

ஆடி போச்சு, வேலை வந்தாச்சு. இந்த மாசம் நாலு கல்யாணம் ஏத்திருக்கோம்.

கொஞ்ச நாளைக்கு நான் உட்கார்ந்து பார்த்தால் போதும்னு வீட்டுக்காரர் சொன்னார். உட்கார்ந்து பார்க்க நான் என்ன மாப்பிள்ளை வீட்டுக்காரியான்னு கேட்டேன்.

எங்க செட்டில் உப்பு ஒரு கைதான். யார் வேணும்னாலும் கிண்டலாம், யார் வேணும்னாலும் தாளிக்கலாம். உப்பு நான்தான். கல்லுப்பை முந்தின நாளே தண்ணியில் கரைச்சு, மண்ணு அடியில் தங்கினதும் வடிகட்டி, எவர்சில்வர் வாளியில் கொண்டு போவேன். தண்ணி மாதிரியே தெளிவா இருக்கும். சிரட்டை அகப்பையால் ஊத்துவேன். ருசி பார்க்கிறது கிடையாது. பிள்ளையாருக்கு முதல் இலை போடுற வரைக்கும் எவளும் வாயில் வைக்கக் கூடாது. ஆவியை மோந்தே சொல்லிருவேன். ஊத்தி முடிச்சதும் பாத்திரத்தின் காதில் ஒரு இணுக்குக் கறிவேப்பிலை செருகுவேன். அதைப் பார்த்தால் உப்பு விழுந்தாச்சுன்னு அர்த்தம்.

இந்த ஊரில் பத்து செட்டு இருக்கு. ஆவுடை உப்புன்னுதான் எங்களைக் கூப்பிட வாறாங்க. அந்த அகப்பையைக் கீழே வச்சுட்டா நான் வெறும் பாத்திரக்காரர் பொண்டாட்டி.

ஆவணி 6, வியாழன்

மானம் போச்சு.

வீரகேரளம்புதூரில் கல்யாணம். நானூறு இலை. சாம்பாருக்கு உப்பு ஊத்தப் போனேன். காதில் கறிவேப்பிலை இல்லை. ஊத்தினேன். முதல் பந்தியில் ஒரு பெரியவர் சோத்தை வாயில் வச்சுட்டு, கடல் இவ்வளவு பக்கத்திலயா இருக்குன்னு கேட்டார். பாதியை வெளியே எடுத்து, வெறும் பருப்பு வேகவச்சு ஊத்தி, கோமு எப்படியோ சரிக்கட்டினாள்.

அப்புறம் சொல்கிறாள், நான் ரெண்டு தடவை ஊத்தினேனாம். முதலில் ஊத்திட்டு அவியலைப் பார்க்கப் போனேனாம், திரும்பி வந்து மறுபடியும் ஊத்தினேனாம். கறிவேப்பிலை உள்ளே விழுந்திருக்கும் என்கிறாள். சாம்பாருக்குள்ளே விழுந்த கறிவேப்பிலையை எந்தப் போலீசு வந்து அடையாளம் சொல்றது?

எனக்குத் தெரியாதா நான் ஊத்தினதும் ஊத்தாததும்? அவள்தான் கை வச்சிருப்பாள். இத்தனை வருசம் கழிச்சு அவளுக்கும் உப்பு ஆசை வந்துட்டு.

இனி கறிவேப்பிலை கிடையாது. மாவிலை.

ஆவணி 8, சனி

மத்தியானம் கோமு வந்தாள். ஏதோ அழுதாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். என்ன பேசினோம்னு எழுதணும்னு நினைச்சேன். அப்புறம் எழுதுறேன்.

கஞ்சி, நார்த்தங்காய்.

ஆவணி 10, திங்கள்

இன்னைக்கு மனசு லேசா இருக்கு. கோமுவையும் வீட்டுக்காரரையும் உட்கார வச்சு ஒரு குறும்புக்கு ஏற்பாடு பண்ணியிருக்கேன். நினைக்க நினைக்கச் சிரிப்பு. இங்கே எழுத மாட்டேன், டாக்டரம்மா வாசிச்சுருவாங்க. ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன். கோமு மறுபடியும் அழுதாள். இந்தப் பிள்ளைக்குக் கண்ணில் குழாய் வச்சிருக்கு.

ஆவணி 13, வியாழன்

பாவூர்சத்திரம். முந்நூறு இலை. உப்பு அளந்து வச்ச மாதிரி இருந்ததுன்னு பொண்ணோட அப்பா கும்பிட்டார். கோமுவைப் பார்த்து, பார்த்தியாட்டி, நீ கை வைக்கலைன்னா இப்படித்தான்னு சொன்னேன். ஆமாக்கான்னு சொல்லிட்டு அடுப்புக்குப் போயிட்டாள்.

ஆவணி 16, ஞாயிறு

ஆலங்குளம். வளைகாப்பு. ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்தாங்க. அவியலைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை, நல்லா இருந்ததுன்னால் எழுத என்ன இருக்கு.

கை சரியா இருக்கு. தலையும் சரியா இருக்கு. புள்ளி கிள்ளி எல்லாம் படத்தில்தான்.

ஆவணி 20, வியாழன்

இன்னைக்கு நடந்ததை ஒண்ணு விடாமல் எழுதணும்.

கடையநல்லூர் மண்டபம். காலையில் பூசணிக்காய் நறுக்கும்போது அரிவாள்மனை இடது விரலை நல்லா வாங்கிட்டு. துணி சுத்திக்கிட்டு வேலையைப் பார்த்தேன். சாம்பாருக்கு ஊத்தப் போகும்போது அகப்பை நழுவி வாளிக்குள்ளே விழுந்தது. இடது கையை விட்டு எடுத்தேன். விரல் முழுசும் நனைஞ்சது.

எரியலை.

உப்புத்தண்ணியில் வெட்டுக்காயம் பட்டால் எப்படி எரியும்னு எனக்குத் தெரியாதா? உச்சந்தலை வரைக்கும் ஏறும். இது சில்லுன்னு இருந்தது. முப்பது வருசத்தில் முதல் தடவையா, பிள்ளையாருக்கு முன்னால் விரலை வாயில் வச்சேன். பச்சைத்தண்ணி. எங்க வீட்டுக் குழாய்த்தண்ணி, அந்தத் துரு வாடையோட.

திரும்பிப் பார்த்தேன். கோமு தரையைப் பார்த்துக்கிட்டு நிற்கிறாள். சின்னப் பிள்ளைகள் மூணும் தேங்காய் துருவிக்கிட்டு இருக்கு.

நான் அந்தத் தண்ணியையே எடுத்தேன். மூணு அகப்பை ஊத்தினேன். ரசத்துக்கு ரெண்டு, கூட்டுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் மாவிலை செருகினேன். சாமி முன்னால் நிற்கிற மாதிரி எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டாங்க. பந்தியில் உப்பு சரியா இருந்தது. நான் ஊத்தின பச்சைத்தண்ணியில் உப்பு சரியா இருந்தது.

அப்படின்னா போன வளைகாப்பு? அதுக்கு முந்தின கல்யாணம்? அந்தப் பொண்ணோட அப்பா கும்பிட்டது யாரை?

வாளியை நிரப்பி மூடி வச்சது நான். ஆட்டோவில் ஏத்தினது வீட்டுக்காரர். வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார், “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் ஆவுடை. சொல்லக் கூடாதுன்னு ஒருத்தி சத்தியம் வாங்கியிருக்கா.”

அந்த ஒருத்தி யாருன்னு கேட்கவா வேணும். முப்பத்தொரு வருசம் சோறு போட்டவளைவிட அவளுக்குக் கொடுத்த சத்தியம் பெரிசாப் போச்சு.

ஆவணி 21, வெள்ளி

கோமு வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் துணி உலர்த்திக்கிட்டு இருந்தாள். தெரு கேட்கிற மாதிரி ஏசினேன். எழுதக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். நான் வேடிக்கையாப் பேசுறவள்தான், ஆனால் நேத்து என்னை வச்சு நீங்க நடத்தினது வேடிக்கை இல்லைன்னு சொன்னேன். பொம்மைக்குப் பால் புகட்டி விளையாடுற மாதிரி என் கையில் வாளியைக் கொடுத்து வேடிக்கை பார்த்திருக்கீங்கன்னு சொன்னேன். திருடின்னும் சொன்னேன்.

அவள் ஈரத்துணியைப் பிடிச்சபடியே நின்னாள். கடைசியில், “ஏசி முடிச்சிட்டியளாக்கா? காப்பி குடிக்கியளா?” என்றாள்.

அந்தக் காப்பிதான் என்னைக் கொன்னுட்டு. தப்புப் பண்ணினவள் கொஞ்சமாவது கத்த வேண்டாமா?

ஆவணி 22, சனி

கஞ்சி. நார்த்தங்காய் ரெண்டு துண்டு.

ஆவணி 24, திங்கள்

தென்காசி. அழுத்தம் நூற்றி எழுபத்து நாலு. மாத்திரை சாப்பிடுறேன், சோத்தில் உப்பே இல்லை, அப்புறமும் எப்படின்னு நானே கேட்டேன். டாக்டரம்மா இந்த நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமா வாசித்தார். நார்த்தங்காய் வந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். எண்ணி முடிக்கலை, பேனா மை தீர்ந்திரும்னு விட்டுட்டார்.

“அம்மா, உப்புக்கு வயசாகாது,” என்றார். போன வருச உப்பும் உப்புதான், வறுத்த உப்பும் உப்புதான். அதெல்லாம் சாகாது, வேகமும் குறையாது, நம்ம குழாயைத்தான் இறுக்கும்.

என் கையால் எழுதின நோட்டே என்னைக் காட்டிக் கொடுத்துட்டு. சோத்தை வேவு பார்க்கத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க. இந்த மாசம் என்னை ஏமாத்தாதது யாருன்னு தேடணும் போல.

அப்புறம் ஒரு பக்கத்தில் விரலை வச்சு, ஆவணி பத்தாம் தேதி என்ன குறும்பு பண்ணினீங்கன்னு கேட்டார்.

நான் பண்ணலையேன்னு சொன்னேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். என் எழுத்துதான். கோழி கிண்டினது. ‘ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்’னு எழுதியிருக்கு. அந்த நாள் முழுசையும் தேடிப் பார்த்தேன். காலையில் முருங்கைக்கீரை ஆய்ஞ்சது இருக்கு. சாயங்காலம் மழை தூறினது இருக்கு. நடுவில் ஒண்ணுமே இல்லை. சுவரைத் தடவுற மாதிரி இருந்தது.

வீட்டுக்காரர் கதவுப் பக்கம் நின்னார். டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கிட்டார், அப்புறம் எடுத்துட்டார்.

“சத்தியம் வாங்கினவ நீதாம்ட்டி.”

கோமு எட்டாம் தேதி வந்து அழுததே அதுக்குத்தானாம். நான் ரெண்டு தடவை உப்பு ஊத்தினதை அவள் கண்ணால் பார்த்தாளாம். அன்னைக்கு நான் கேட்டு, சரின்னு சொல்லி, காப்பி கொடுத்தேனாம். மறுநாள் அதே நான் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தேனாம். பத்தாம் தேதி மறுபடி வந்து சொன்னாளாம். அப்போ நான் கேட்டுட்டுச் சிரிச்சேனாம்.

நான் சொன்னதை அவர் சொன்னார், என் குரலிலேயே: “அப்பமுன்னா என் வாளியில பச்சத்தண்ணிய ஊத்தி வைங்க. உப்ப நீ போடு கோமு. நான் ஊத்துத மாதிரி ஊத்திட்டுப் போறேன். அந்தப் பிள்ளையளுக்குத் தெரிய வேண்டாம். நாளைக்கி நானே மறந்துபோயி உன்ன ஏசுனாலும் வாயத் திறக்கப்படாது, வாங்கிக்கிடணும். சத்தியம் பண்ணு.”

நான் நம்பலைன்னு சொல்ல வாயெடுத்தேன். முடியலை. அந்தப் பேச்சு என் பேச்சு. அப்படி ஒரு கோணல் புத்தி இந்தச் சுரண்டையில் வேற எவளுக்கும் கிடையாது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இதே யோசனைதான். கோபப்பட ஆள் வேணும். யாரைப் படுறது? உள்ளே ஒருத்தி இருந்து, எனக்குத் தெரியாமல் எனக்கே குழி வெட்டிட்டுப் போயிருக்காள். அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாம்னா, அவள் இருந்த வயலுக்குத்தான் தண்ணி போகலையே.

ஆவணி 25, செவ்வாய்

நார்த்தங்காய்ப் பரணியைக் குப்பைக் குழியில் கவிழ்த்தேன். அழுகை வந்தது. நார்த்தங்காய்க்குத்தான் அழுதேன், வேற எதுக்கும் இல்லை.

கோமு வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஏச்சு வாங்கத் தயாரா நின்னாள். அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தாங்கலை.

“திருடின்னு சொன்னேனேட்டி. அப்பயாவது சொல்லியிருக்கலாமே.”

“சத்தியம் பண்ணச் சொன்னியளே.”

“சொன்னா? நான் ஒரு புத்தி பேதலிச்ச கோட்டி. கோட்டி பேச்சைக் கேப்பியா?”

“பத்தொம்பது வருசமா அதத்தான கேட்டுக்கிட்டு இருக்கேன்,” என்றாள்.

அப்புறம் ரெண்டு பேரும் காப்பி குடிச்சோம். என்னுடையதில் சீனியைக் குறைச்சுட்டாள். உப்புதாம்ட்டி கூடாது, சீனியை எதுக்குக் குறைக்கேன்னு கேட்டேன்.

ஆவணி 27, வியாழன்

சுரண்டையிலேயே கல்யாணம். ஐந்நூறு இலை. வாளி எடுத்துட்டுப் போகலை. அடுப்புப் பத்த வைக்கிறதுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் மூணையும் கூப்பிட்டு, இன்னையிலிருந்து உப்பு கோமு கைன்னு சொன்னேன். ஏன்னு ஒருத்தியும் கேட்கலை. எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ரெண்டு கல்யாணமா என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டதும் நடிப்புத்தான். நல்லா நடிச்சாளுக. மூணு பேருக்கும் வாயில் ஆளுக்கொரு அடி போட்டேன், வலிக்காமல்.

கோமு ஊத்தினாள். ஒளிக்காமல் எல்லாருக்கும் முன்னால் அவள் ஊத்தினது இதுதான் முதல் தடவை. நான் பக்கத்தில் நின்னு மாவிலை செருகினேன். டாக்டரம்மா போன்ல வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்காங்க, காஞ்சது காஞ்சதுதானாம், மாத்திரையை விடாமல் சாப்பிட்டு உப்பைக் கட்டுக்குள் வச்சால் மிச்ச வயலைக் காப்பாத்தலாமாம். மிச்ச வயலில் என்ன இருக்குன்னு நான்தான் பார்க்கணும்.

பந்தி முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது ஒரு பயம் வந்தது. இதையும் மறந்துட்டால்? நாளைக்குக் காலையில் எழுந்திரிச்சு, என் வாளியில் பச்சைத்தண்ணி இருந்தது மட்டும் ஞாபகம் வந்து, மத்தது வராமல் போனால்? மறுபடியும் தெருவில் நின்னு அவளைத் திருடின்னு சொல்லுவேனே. அவளும் காப்பி வேணுமான்னு கேட்பாளே.

அதனால் நோட்டை எடுத்து, ஓரமா உட்கார்ந்து, பெரிய எழுத்தில் எழுதினேன்:

ஆவுடை, கோமு மேல் கோபமா வந்திருந்தால் முதலில் இதை வாசி. பச்சைத்தண்ணி ஊத்தச் சொன்னது நீ. சத்தியம் வாங்கினதும் நீ. அவள் உன் ஏச்சை வாங்கிக்கிட்டாள். போய்க் காப்பி குடி.

எழுதி முடிச்சதும் கோமுகிட்ட நீட்டினேன். ஈரக்கையைச் சேலையில் துடைச்சுட்டு வாங்கி வாசித்தாள். அப்புறம் நோட்டைத் திருப்பி, அட்டைக்கு அடுத்த முதல் பக்கத்தைக் காட்டினாள்.

“நேத்தும் எழுதிக் காட்டினியளேக்கா.”

இருந்தது. என் கோழி கிண்டல்தான், வார்த்தை மாறாமல். ‘போய்க் காப்பி குடி’ கூட இருந்தது.

ரெண்டையும் ஒரு தடவை சேர்த்து வாசித்தேன். நேத்து எழுதினதுதான் எழுத்து கொஞ்சம் நல்லா இருக்கு. பரவாயில்லைட்டி, ரெண்டு தடவை போடக் கூடாதது உப்பு மட்டும்தான்னு சொன்னேன். அவள் சிரிக்கலை. இந்தக் கதையையும் நேத்தே விட்டுட்டேன் போல.